கொதியூற்றுக்கு இடம்பிடித்த மச்சாள்

ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் திருமண மண்டபத்துக்குள் நுழைந்ததும், முன்வரிசை நாற்காலிகளில் ஆட்களுக்குப் பதிலாகச் சால்வைகள் அமர்ந்திருந்தால், என் மச்சாள் வந்துவிட்டார் என்று அறிந்துகொள்ளலாம். மச்சாள் என் கணவரின் தமக்கை, ஹவுகன்ஸ்டுவாவில் குடியிருப்பவர், முதியோர் இல்லமொன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிபவர். விடியுமுன் முதல் தொடருந்தைப் பிடித்துப் பழகிய உடம்பு, விழாவுக்கும் முதல் ஆளாகவே போய்ச் சேரும். போனதும் பெரிய பையிலிருந்து சால்வைகளை எடுத்து நாற்காலிக்கு ஒன்றாக விரிப்பார். பிறகு தாமும் ஒரு நாற்காலியின் நுனியில் இருந்து, மணவறைக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்க்கத் தொடங்குவார்.

வாசலைப் பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அழைப்பிதழில் அச்சிட்ட நேரம் எங்கள் குடும்பத்தில் வீட்டை விட்டுப் புறப்படும் நேரமன்று. எந்தச் சேலை என்று அலுமாரியின் முன் நின்று யோசிக்கும் நேரம். ரொம்மனிலிருந்து நாங்களும் திராமனிலிருந்து மற்றவர்களும் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, அவர் பிடித்துவைத்த நாற்காலிகளில் விழவும் கெட்டிமேளம் முழங்கவும் சரியாக இருக்கும். அந்தக் கணத்தில் மச்சாள் மட்டும் வெளியே நிற்பார், கடைசி வாகனத்துக்குத் தரிப்பிடம் காட்டிக்கொண்டு. தாலி கட்டியதைக் கண்டீர்களா என்று கேட்டால், "அதுக்கென்ன பிள்ளை, வீடியோவிலை பாக்கலாம்" என்பார். நாங்களும் அதை ஒரு விடையாக ஏற்றுக்கொண்டிருந்தோம்.

கொதியூற்று எங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரு மாரிகால ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி கொட்டியது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள், அமெரிக்காவின் மேற்கிலுள்ள யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து நேரலையாக வரும் காட்சியொன்றைத் தொலைக்காட்சித் திரையில் ஏற்றியிருந்தாள். எங்கள் மாலை அவர்களுடைய முற்பகல். வெண்சாம்பல் நிற மேடு, அதன் உச்சியில் ஒரு துவாரம், மெல்லிய ஆவி, அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. ஆயினும் நான் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு இருந்துவிட்டேன். ஒன்றும் நடக்காத அந்த வெறுமையில், இதோ இப்போது, இதோ இப்போது என்று நெஞ்சைப் பிடித்து இழுக்கும் ஏதோ ஒன்று இருந்தது.

கடலைவடைப் பொதியோடு மச்சாள் அந்நேரம் வந்தார்.

"உதென்ன பிள்ளை, ஆற்றையோ வீட்டுப் புகைக்கூடோ?"

"இல்லை மாமி, கொதியூத்து. இப்ப பாயும்," என்றாள் மகள்.

"எத்தனை மணிக்கு?"

"அது தெரியாது. பொறுங்கோ."

"நேரம் தெரியாத நிகழ்ச்சியோ? அப்ப இது எங்கடை ஆக்கள் நடத்திறதுதான்."

சிரித்துக்கொண்டே அமர்ந்தவர், சிறிது நேரத்தில் சிரிப்பை மறந்தார். துவாரத்தின் விளிம்பில் நீர் தளும்பி உள்ளே இறங்குவதும், மறுபடி தளும்புவதுமாக இருந்தது. மச்சாள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். அப்போது பார்த்துச் சமையலறையில் கேத்தில் கூவியது. தேநீருக்கு ஆள் எழும்ப வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் எழும்புகின்ற ஆள் எப்போதும் அவர்தான். விருந்தாளியாக வந்தாலும் அவர்தான். உள்ளே போனார். தட்டோடு திரும்பியபோது திரையில் ஈரப்பாறையும் கலைந்துபோகும் ஆவியும் எஞ்சியிருந்தன.

"பாஞ்சு போட்டுதோ?"

"போட்டுது மாமி. பின்னுக்கு இழுத்துக் காட்டட்டோ?"

மச்சாள் தட்டை மேசையில் வைத்தார். "வேண்டாம்" என்றார். "வீடியோ எனக்குப் போதும். வீடு நிறைய வீடியோ கிடக்கு. ஒருக்கா, ஒரே ஒருக்கா, முன்னாலை இருந்து, துவக்கத்திலையிருந்து முடியுமட்டும் உதை நான் என்ரை கண்ணாலை பாக்கவேணும்."

தமக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அவரை அறிந்ததில்லை. என் கணவர் தேநீரை உறிஞ்சியபடி, "அக்காவுக்கு ஆசை வந்திட்டுது. இனி ஒருத்தருக்கும் நித்திரை இல்லை" என்று பகிடி பண்ணினார். எனக்கோ அந்த ஆசை உடனே தொற்றிக்கொண்டது. அந்த மாரி முழுவதும் நானும் மகளும் மாலையில் திரையின் முன் இருந்தோம். மச்சாளுக்கு வேலை ஒழிந்த நாளெல்லாம் அவரும் வந்தார். ஆனால் நீர் எழும்பும் தறுவாயில் கண்ணைப் பொத்திக்கொள்வார். நேரில் காணும்வரை திரையில் காண்பதில்லை என்று ஒரு நோன்பு!

அடுத்த கோடையில் ரொறன்ரோவில் ஓர் உறவுத் திருமணம் வந்தது. அது முடிந்ததும் அங்குள்ள கணவரின் தம்பி குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, மேற்கே பறந்து, இரண்டு வாடகை வாகனங்களில் பூங்காவின் வெளியேயிருந்த மரவீடொன்றில் போய் இறங்கினோம். சோற்றுச்சட்டியும் மிளகாய்த்தூளும் எங்களுக்கு முன்னரே இறங்கிவிட்டன.

பூங்காவின் மிகப் புகழ்பெற்ற ஊற்றுக்கு முதல்நாள் போனோம். அது அடுத்துப் பாயக்கூடிய நேரத்தைக் கணித்துப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். மச்சாளும் மகளும் நானும் முந்திக்கொண்டு சென்றோம். வளைந்த நீண்ட இருக்கையில் ஒரு பகுதி வெறுமையாகக் கிடந்தது. கண்ணிமைக்கும் பொழுதில் பை திறந்தது, சால்வைகள் விரிந்தன. நின்றுகொண்டிருந்தவர்கள் அந்தச் சால்வைகளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தொப்பியணிந்த பூங்காக் காவலர் ஒருவர் குனிந்து, இவ்விடங்களுக்கு ஆட்கள் வருகிறார்களா என்று பணிவாக வினவினார். மச்சாள் ஒஸ்லோ மண்டபத்தில் சொல்வதையே ஆங்கிலத்தில் சொன்னார்: "கம்மிங், கம்மிங். பார்க்கிங்."

உடனே கைப்பேசி ஒலித்தது. வாகனத்தை எங்கே விடுவது என்று கனடாத் தம்பி கேட்டார். பேசிக்கொண்டே மச்சாள் தெருவை நோக்கி நடந்தார். அவர் மரங்களுக்கப்பால் மறைந்ததும் ஊற்று எழுந்தது. நான் நேரில் கண்ட முதல் கொதியூற்று அது. ஆயினும் பாதிக் கண்ணால்தான் கண்டேன். மறுபாதி அவர் போன வழியிலேயே இருந்தது.

கூட்டம் கலைந்து எதிரே வர, மச்சாளின் பின்னால் எங்கள் குடும்பம் அதைக் கிழித்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தது.

"என்ன, எல்லாரும் எழும்பிப் போகினம்? இன்னும் துவங்கேல்லையோ?" என்று கணவர் கேட்டார்.

"முடிஞ்சுது அப்பா."

"முடிஞ்சுதோ! போட்ட நேரத்துக்கே துவங்கிட்டாங்களோ?"

"பிரதம விருந்தினர் வர முந்தியே?" என்று கனடாத் தம்பி கைகொட்டினார். "அண்ணை, வரவேற்புரை, தலைமையுரை ஒண்டும் இல்லையாம். நேரே நிகழ்ச்சியாம். இது உருப்படாது."

எல்லோரும் சிரித்தோம். மச்சாள் சால்வைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார், ஆனால் ஈரமாய்க் கிடந்த மேட்டை அவர் பார்க்கவேயில்லை.

அன்று மாலை மரவீட்டில் தம்பி விட்டபாடில்லை. "அக்கா, திருகோணமலையிலை எங்கடை கன்னியா கிடக்கு. சுடுதண்ணிக் கிணறு ஏழு. உதுக்கே இவ்வளவு தூரம் பறந்து வந்தனீங்கள்?"

"கன்னியாத் தண்ணி கிணத்துக்குள்ளையே கிடக்கும், உன்னை மாதிரி. இது எழும்பும்," என்றார் மச்சாள்.

எங்களுக்கு மறுநாள் மட்டுமே எஞ்சியிருந்தது. அதற்கடுத்த நாள் நாங்கள் திரும்ப வேண்டும். முன்கூட்டிக் கணிக்கக்கூடிய ஊற்றுகளுள் மிக உயரமாக எழுவது அங்கே மற்றொன்று உண்டு. அதன் கணிப்பு நிமிடக் கணக்கன்று. முற்பகலில் ஒரு பொழுது முதல் நண்பகல் கடந்து ஒரு பொழுது வரை எப்போதும் எழலாம். இதைக் கேட்டதும் என் கணவருக்குப் பெருமகிழ்ச்சி. "அப்ப அவதிப்பட்டு ஓடத் தேவையில்லை. நீங்கள் முன்னாலை போய் இடம் பிடியுங்கோ. நாங்கள் கோழிக்கறியை இறக்கிப்போட்டு, சோத்தையும் கொண்டு வாறம்."

மகள் வாகனத்தைச் செலுத்தினாள். தரிப்பிடத்திலிருந்து வெகுதூரம் பலகைப்பாதையில் நடந்து போகவேண்டும். இருமருங்கும் நிலம் மூச்சுவிட்டது. நீலமாய் ஒரு குளம், மஞ்சள் விளிம்போடு இன்னொன்று, சேறு குமிழியிடும் குழியொன்று. எங்கும் கந்தக வாடை. நாங்கள் நடக்கும் பலகைக்குக் கீழே நிலத்தோல் சில இடங்களில் மிக மெல்லியதென்றும், இறங்கக் கூடாதென்றும் எழுதியிருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் நெருப்பு நம் உள்ளங்காலுக்கு நேர்கீழே இருக்கிறது என்ற எண்ணம் வந்தபின் நடையே மாறிவிடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைபோல் எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது.

பெரிய ஊற்றென்று மகள் காட்டியது, ஆரவாரமற்ற ஆழமில்லாத ஒரு தடாகம். அதன் பக்கத்தில் சிறியதொரு ஊற்றுவாய். முன்னால் நீள் இருக்கைகள். மச்சாள் முன்வரிசையைத் தெரிந்தெடுத்துச் சால்வைகளை விரித்துவிட்டுத் திரும்பி, பாதை வளைந்து வரும் மரங்களைப் பார்த்தபடி அமர்ந்தார்.

பக்கத்தில் வைக்கோற்தொப்பி அணிந்த அமெரிக்க அம்மையார் ஒருவர், சொந்தமாகக் கொண்டுவந்த மெத்தையில் வீற்றிருந்தார். கையில் ஒரு சிறு வானொலிக் கருவி. பூங்காவின் மற்ற மூலைகளில் காத்திருக்கும் தம்மைப் போன்றோரோடு அதில் பேசிக்கொள்வாராம். கோடைதோறும் ஊற்றுப் பார்ப்பதற்கென்றே வருபவராம். அவர் சொல்லச் சொல்ல, மகள் மச்சாளுக்குத் தமிழில் சொன்னாள். தடாகம் முதலில் மெல்ல நிரம்பும். விளிம்பு கடந்து வழியும். பிறகு நீர்மேல் சிற்றலைகள் தோன்றும். பக்கத்துச் சிறிய வாய் துள்ளத் தொடங்கும்போது பெரியது அதனோடு எழவேண்டும். எழாவிட்டால் நீர் வடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து காத்திருக்கவேண்டும்.

"அப்ப அது நினைச்சாத்தான்," என்றார் மச்சாள்.

"ஓம் மாமி. அதுதான் வடிவு."

அதுதான் வடிவு. சிறிய வாய் துள்ளியபோது இருக்கைகளில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தடாகத்தில் அலை தெரிகிறதா இல்லையா என்று முன்பின் அறியாதவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். அலை அடங்கிற்று. நீர் வடிந்தது. ஒரே பெருமூச்சு எழுந்து, எல்லோரும் சிரித்துச் சாய்ந்து அமர்ந்தோம். ஏமாற்றத்தில் இத்தனை இன்பம் உண்டென்று எனக்கு யாரும் சொல்லியதில்லை. எவருக்காகவும் தொடங்காத, எவருக்காகவும் பிந்தாத ஒன்றின் முன்னிலையில் இருப்பது, எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தே வாழ்ந்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் மச்சாள் அந்தத் துள்ளலின் போதும் பாதிநேரம் பின்னால் திரும்பியிருந்தார்.

"இன்னும் காணேல்லை, பிள்ளை. போனிலையும் சிக்னல் கோடு ஒண்டும் இல்லை."

"வருவினம் மச்சாள். நீங்கள் முன்னாலை பாருங்கோ."

"பாக்கிறன், பாக்கிறன்."

மக்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு ஒரு முதியவர் வந்து நின்றார். மச்சாள் சிறிது நேரம் காணாதவர்போல் இருந்தார். பிறகு ஒரு சால்வையை இழுத்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருக்கையைத் தட்டிக் காட்டினார். "இது கனடாத் தம்பிக்கு வைச்சது. அவன் இளந்தாரிதானே, நிக்கட்டும்." பின்னர் கைக்குழந்தையோடு ஒரு தாய், இன்னொரு சால்வை எழும்பியது. ஒவ்வொரு தடவையும் அது யாருடைய இடம் என்பதைச் சொல்லியே கொடுத்தார். கடைசியில் ஒரு சால்வை மிஞ்சிற்று.

"உது ஆற்றை?" என்றேன்.

"உம்மடை மனுசன்ரை. அவனுக்கு முழங்கால் நோ."

மறுபடி தடாகம் நிரம்பியது. இம்முறை விளிம்பு கடந்து வழிந்த நீர் வெயிலில் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. தொப்பி அம்மையார் வானொலியில் ஏதோ முணுமுணுத்தார். பழகிய ஆட்கள் சிலர் எழுந்து நின்றார்கள். மகள் என் கையைக் கிள்ளினாள். நீர்மேல் மெல்லிய கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாய். அலைகள்!

மச்சாள் சடாரென எழுந்தார். "ஐயோ, அவை இப்ப வாகனத்தடியிலை நிப்பினம். பாதை தெரியாமல் நிக்கினமோ தெரியாது. நான் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"மாமி, ஸ்லாப் ஆவ்!" என்று மகள் நொர்வேஜியத்தில் கத்தினாள், பதறாமல் இருக்கச் சொல்லும் சொல் அதைவிடப் பதற்றமாய் ஒலித்திருக்க முடியாது. "இப்ப போனா உங்களுக்கு இல்லை!"

மச்சாள் ஒரு காலை இருக்கைக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டார். நேற்றைய மரங்களும் ஈர மேடும் என் கண்முன் வந்தன. "நீங்கள் இருங்கோ மச்சாள். நான் போய்க் கூட்டியாறன்" என்று நான் எழுந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் இருக்கையில் இருத்தினார். சமையற்கூடத்தில் பெரிய பாத்திரங்கள் தூக்கிப் பழகிய கை; எனக்கு வலித்தது.

"நீரும் போகவேண்டாம். இரும். பிந்தி வாறவை பிந்தித்தான் பாப்பினம்."

கடைசிச் சால்வையை எடுத்துத் தம் தோளில் போர்த்துக்கொண்டு, தடாகத்துக்கு நேர்முகமாய் அமர்ந்தார். சிறிய வாய் துள்ளியது.

தடாகம் நடுவில் ஒருமுறை வீங்கிற்று. அது நீர் என்றே தோன்றவில்லை. நிலம் தோள்களைக் குலுக்கி எழுவதுபோல் இருந்தது. அடுத்த கணம் அந்த வீக்கம் வெடித்தது. வெண்ணிறத் தூண் ஒன்று எழுந்தது என்று எழுதலாம். ஆனால் அது தூணன்று. ஆயிரம் ஈட்டிகள், ஒவ்வொன்றும் மற்றதை முந்திக்கொண்டு, முந்தியது விழுமுன் அடுத்தது அதைத் துளைத்துக்கொண்டு மேலே, மேலே, மரங்களின் தலைக்கும் மேலே. இடி நிலத்துக்குள்ளிருந்து பலகை வழியாக முழங்காலுக்கு ஏறிற்று. ஆவி சூரியனை மறைத்தது; மறைத்த ஆவியின் ஓரத்திலேயே வானவில் ஒன்று பிறந்தது. பின் எங்கள்மேல் தூறியது. விழும்போது வெதுவெதுப்பாய், தோலில் பட்டதும் குளிர்ந்து. முதியவர் ஊன்றுகோலை உயர்த்தி ஆர்ப்பரித்தார். குழந்தை வீரிட்டது. நான் என்ன கத்தினேனோ அறியேன். தொண்டை கட்டிவிட்டது மட்டும் பின்னர் தெரிந்தது.

தணிந்துவிட்டது என்று எண்ணும்போதெல்லாம் அது மறுபடி மூச்செடுத்து எழுந்தது. நான் மச்சாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. கைகூப்பவும் இல்லை. வாய் சிறிது திறந்திருந்தது. கண்ணாடியில் துளிகள் வழிந்தன. அவற்றைத் துடைத்தால் அந்த இமைப்பொழுது போய்விடுமே என்று துடைக்காமல் இருந்தார். ஒருமுறையேனும் அவர் தலை திரும்பவில்லை. கடைசித் துளி தடாகத்துக்குள் இறங்கி, "குளுக்" என்று நிலம் அதை விழுங்கும்வரை திரும்பவில்லை.

தொப்பி அம்மையார் எழுந்து மச்சாளை அணைத்துக்கொண்டார். கூட்டம் மெதுவாகக் கலைந்தது. இருக்கைகள் ஒழிந்தன. நாங்கள் மூவரும் நனைந்த கோழிகள்போல் அமர்ந்திருந்தோம்.

வெகுநேரம் சென்றபின் மரங்களின் வளைவில் குளிர்பெட்டி ஒன்று தெரிந்தது. அதன் பின்னால் என் கணவர். அவருக்குப் பின்னால் தம்பி குடும்பம். அவசரமில்லாத நடை.

"அக்கா, இடம் பிடிச்சு வைச்சனீங்களோ?"

"இப்ப எவ்வளவு இடமும் கிடக்கு தம்பி. வடிவா இருங்கோ," என்றார் மச்சாள். "ஊத்துத்தான் முடிஞ்சுது."

கணவர் குளிர்பெட்டியைப் பொத்தென்று வைத்தார். "எப்ப? அப்ப அந்தப் பெரிய புகை அதுவோ? இஞ்சை எங்கை பாத்தாலும் புகைதானே எண்டு நாங்கள் மெல்ல ஆறுதலா வாறம்!"

"நான் ஓடுவம் எண்டனான். அண்ணைதான் கறி சிந்தும் எண்டவர்," என்றார் தம்பி.

"வீடியோ எடுத்தனியளோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கைப்பேசிகள் பைகளுக்குள் அப்படியே கிடந்தன.

"வீடியோ இல்லை," என்றார் மச்சாள். எழுந்தார். தோளிலிருந்த சால்வை ஈரத்தில் கனத்துத் தொங்கியது. "நான் சொல்லுறன், இருங்கோ. கதைக்காதேங்கோ. முதல்லை அந்தத் தண்ணி மெல்ல நிரம்பினது, என்ன..."

அவர்கள் வரிசையாக இருந்தார்கள், முன்வரிசையில். மச்சாள் அவர்களுக்கு முன்னால், தடாகத்தின் பக்கம் நின்று, கைகளால் அலையைக் காட்டினார், வீக்கத்தைக் காட்டினார். இரண்டு கைகளையும் ஒருங்கே வீசி எறிந்து கால் பெருவிரலில் எம்பினார். தம்பியின் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். என் கணவர் சோற்றைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முடிந்ததும் சின்னவள், "பெரியமாமி, இன்னொருக்கா" என்றாள். மச்சாள் மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னார்.

இரண்டாம் முறை சொன்னபோது ஊற்று மலையைத் தொட்டது. எனக்குப் பிழை திருத்தும் வழக்கம் உண்டு. மகள் அதை எதிர்பார்த்து என்னைக் கடைக்கண்ணால் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "ஓம், மலையைத் தொட்டது" என்றேன்.